மனித்தப் பிறவியும் வேண்…

(இடம்: பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபம். மாலை வரவேற்பு. மேடையில் மெல்லிசைக் குழுவினர் ‘தளபதி’ படத்தின் ‘ராக்கம்மா கையத் தட்டு’ பாட்டைப் பாடுகிறார்கள். பாட்டின் இடையே வரும் அப்பர் தேவாரம் ‘மனித்தப் பிறவியும் வேண்’ என்ற இடத்தை எட்டியதும், ஐம்பதைத் தாண்டிய வங்கி ஊழியர் ஒருவர் எழுந்து பலமாகக் கைதட்டுகிறார். பாட்டு முடிந்துவிட்டதாக நினைத்துச் சபையும் சேர்ந்து தட்டுகிறது. பாடகருக்கும் தொண்டை வறண்டிருந்ததால் அத்துடன் முடித்து வணங்கிவிடுகிறார். பக்கத்து நாற்காலியில் இருக்கும் எழுபது கடந்த பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இவரை உற்றுப் பார்க்கிறார். இருவரும் பேசியது அசல் நெல்லைத் தமிழ்தான். அச்சில் ஏறும்போது அது மடித்துக் கட்டிய வேட்டியுடன் நிற்க வேண்டாம் என்று, இறக்கிவிட்டு எழுத்துத் தமிழில் தந்திருக்கிறேன்.)

அண்ணாச்சி: தம்பி, தவறாக நினைக்கக் கூடாது. 1991 தீபாவளியை ஒட்டி, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த ரிக்கார்டிங் சென்டரில் நீங்கள் ஒரு கேசட் பதியக் கொடுத்தீர்களா?

தம்பி: கொடுத்தேன். அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

அண்ணாச்சி: இந்தப் பாட்டு ‘வேண்’ என்ற இடத்தில் முடிகிறது என்று நம்பக்கூடிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அந்தக் கடை என்னுடையது. பதியும்போது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ‘வேண்’ என்றதும் டேப் ‘டக்’கென்று நின்றது. மீதியுள்ள ‘டுவதே’ என் கடையிலேயே தங்கிவிட்டது.

தம்பி: அண்ணாச்சியா! முகம் பிடிபடவில்லை. அப்போது தலையில் முடி இருந்தது.

அண்ணாச்சி: உங்களுக்கும்தான் இருந்தது.

தம்பி: சரி, முடியை விட்டுவிடுவோம். என் பதினேழாம் வயதில் நான் மிகவும் விரும்பிக் கேட்ட ஒரே கேசட் அது. அதை மொட்டையடித்துக் கொடுத்தவரை என்றைக்காவது சந்தித்தால் கேட்க வேண்டும் என்று 34 வருடங்களாக ஒரு கேள்வியை மனத்திலேயே ஒத்திகை பார்த்து வைத்திருக்கிறேன். ஒரு பாட்டை முழுதாகப் பதிய முடியாது என்று தெரிந்திருந்தும் அதை ஏன் தொடங்கினீர்கள்?

அண்ணாச்சி: நீங்கள் வங்கியில் வேலை பார்ப்பதாகச் சற்று முன்பு யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. ஆகவே கணக்காகவே சொல்கிறேன். நீங்கள் கொடுத்தது சி-60 கேசட். ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம். முதல் பக்கத்துக்கு ஆறு பாட்டு எழுதிக் கொடுத்தீர்கள். அவற்றில் ஐந்து பாட்டுகள் சராசரியாக ஆளுக்கு ஐந்து நிமிடம் சாப்பிட்டுவிட்டால் மிச்சம் ஐந்தே நிமிடம். ராக்கம்மாவோ ஏழு நிமிடத்துக்காரி. கேசட் நாடா விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும் என்பதால், இன்னும் இரண்டு நிமிடத்துக்கு எனக்கு ஆறு மீட்டருக்குச் சற்றே குறைவான நாடா தேவைப்பட்டது. ஒரு சேலையின் நீளம், தம்பி. அதற்கு நான் எங்கே போவேன்?

தம்பி: அதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே?

அண்ணாச்சி: சொன்னேன். ‘இதை எடுத்துவிட்டு, இதே படத்தில் வரும் யமுனை ஆற்றிலே பாட்டைப் போடுகிறேன், ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும், இருவருக்கும் நிம்மதி’ என்றேன். நீங்கள் கண்கலங்கி, ‘அண்ணாச்சி, எப்படியாவது அடைத்துவிடுங்கள்’ என்றீர்கள். பேருந்தில் ஆள் அடைப்பதைப் போல நினைத்துவிட்டீர்கள். நானும் அடைத்தேன். படியில் தொங்கியவர் விழுந்துவிட்டார்.

தம்பி: சி-90 வாங்கிக்கொள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்?

அண்ணாச்சி: சி-90 நாடா வெங்காயத் தோலைப் போல மெல்லியது, உங்கள் வீட்டு டேப் ரிக்கார்டரோ நாடாவைத் தின்று பழகியது. ஒவ்வொரு வாரமும் குடலை உருவியதைப் போல நாடா தொங்கும் கேசட்டோடும், அதைச் சுற்ற ஒரு பென்சிலோடும் நீங்கள் என் கடை வாசலில் நின்றதை நான் மறக்கவில்லை. தவிர, நீங்கள் புதுக் கேசட்டே கொண்டுவரவில்லை. உங்கள் ஆச்சிக்கு நான் கந்த சஷ்டி கவசம் பதிந்து கொடுத்திருந்த கேசட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, அழித்துவிட்டு இதைப் பதியச் சொன்னீர்கள். அழிக்கக் கூடாது என்பதற்காகவே நான் உடைத்து வைத்திருந்த பின்பக்கத்துச் சிறு துளைகளின் மேல், பள்ளிக்கூட நோட்டில் ஒட்டும் லேபிளை ஒட்டியிருந்தீர்கள். அதில் உங்கள் பெயரும் ‘வேதியியல்’ என்ற பாடமும் எழுதியிருந்தன.

தம்பி: (குரலைத் தாழ்த்தி) அந்த விஷயத்தைக் கல்யாண வீட்டில் சத்தமாகச் சொல்ல வேண்டாம், ஆச்சியின் பேரன்களில் பலர் இங்கே வந்திருக்கிறார்கள். ஆனால் அதையும் நீங்கள் ஒழுங்காக அழிக்கவில்லையே! ‘சுந்தரி கண்ணால் ஒரு சேதி’ முடிந்து, அடுத்த பாட்டு தொடங்குவதற்கு முன்னால் ‘காக்க காக்க’ என்று கேட்கும். தினமும் கேட்டுக் கேட்டு, அது இளையராஜா போட்ட இணைப்பிசை என்றே நினைத்திருந்தேன். காதலன் போருக்குப் போகிறான், காதலி பின்னால் நின்று முருகனை வேண்டுகிறாள் என்று நண்பர்களுக்கு விளக்கம்கூடச் சொல்லியிருக்கிறேன்.

அண்ணாச்சி: நல்ல விளக்கம்தான். நடந்தது என்னவென்றால், நான் மூல கேசட்டை மாற்றும்போது உங்கள் நாடா நான்கு விரற்கடை தானாக நகர்ந்துவிட்டது. அது ஒன்றரை விநாடி. ஒன்றரை விநாடியில் இரண்டு ‘காக்க’ சொல்லலாம். மூன்றாவதுக்கு இடமிருக்காது.

தம்பி: இதற்கெல்லாம் நான் வருத்தப்படவில்லை. அந்த ‘வேண்’ இருக்கிறதே, அது என் படிப்பில் கை வைத்தது. அப்பர் சுவாமிகள் என்ன பாடினார்? இறைவனுடைய தூக்கிய திருவடியைக் காணப் பெற்றால் மனிதப் பிறவியும் வேண்டுவதே இந்த மாநிலத்தே என்று பாடினார். உங்கள் கேசட்டில் என்ன இருந்தது? ‘மனித்தப் பிறவியும் வேண்’, அதற்கப்புறம் சூனியம். பன்னிரண்டாம் வகுப்பில் கணக்குப் பாடத்தோடு போராடிக்கொண்டிருந்த ஒருவன் அந்த வாக்கியத்தை எப்படி முடிப்பான்?

அண்ணாச்சி: ‘வேண்டாம்’ என்று முடிப்பான்.

தம்பி: முடித்தேன்! முடித்ததோடு நிற்காமல், மாவட்ட அளவில் நடந்த கட்டுரைப் போட்டியில், நாவுக்கரசரே மனிதப் பிறவி வேண்டாம் என்று வெறுத்து ஒதுக்கிய பிறகு நாம் எம்மாத்திரம் என்று முதல் பத்தியிலேயே எழுதினேன். தமிழாசிரியர் அந்தத் தாளை ஒரு வாரம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினார்.

அண்ணாச்சி: படம் தீபாவளிக்கு வந்துவிட்டதே. தியேட்டரில் போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே?

தம்பி: பார்த்தேன். தேவாரம் வரும் இடத்தில் எனக்கு முன்னால் இருந்தவர் எழுந்து துண்டைச் சுழற்றினார். விசில் சத்தத்தில் அப்பரும் கேட்கவில்லை, சுப்பரும் கேட்கவில்லை. அதோடு, ‘புத்தம் புதுப் பூ’ கேசட்டில் இருந்தது, படத்தில் இல்லை. நம்மூர்த் தியேட்டர்காரர்தான் ரீலை வெட்டிவிட்டார் என்று எண்ணி, இடைவேளையில் ஆபரேட்டர் அறை வரைக்கும் ஏறிப் போய்ச் சண்டை போட்டேன். பிறகுதான் தெரிந்தது, மணிரத்னமே அந்தப் பாட்டைப் படத்தில் வைக்கவில்லை என்று.

அண்ணாச்சி: பார்த்தீர்களா? அவர் ஒரு முழுப் பாட்டையே எடுத்திருக்கிறார், அவரை யாரும் கேட்கவில்லை. நான் இரண்டு நிமிடத்தை எடுத்ததற்கு 34 வருட வழக்கு.

தம்பி: அந்தப் பாட்டின் தகுதி என்ன என்பதையாவது அறிவீர்களா? 2002-இல் பிபிசி உலக சேவை நடத்திய வாக்கெடுப்பில் உலகப் பாட்டுகளிலேயே நான்காம் இடம் பிடித்தது.

அண்ணாச்சி: அறிவேன். என் கடையில் பதிந்தவர்கள் பாதிப் பாட்டைக் கேட்டுவிட்டுப் போட்ட ஓட்டுக்கே நான்காம் இடம்.

(மேடையில் அடுத்த பாட்டு தொடங்குகிறது. இருவரும் அதைக் காதில் வாங்கவில்லை. ஒரு பையன் தட்டில் கல்கண்டும் பூவும் கொண்டுவந்து நீட்டுகிறான். கல்கண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.)

தம்பி: இன்னொரு குற்றச்சாட்டும் இருக்கிறது. இரண்டாம் பக்கத்துக்கு ‘அஞ்சலி’யிலும் ‘அக்னி நட்சத்திர’த்திலும் சில பாட்டுகள் எழுதிக் கொடுத்திருந்தேன். கடைசியில் நான் கேட்காத ஒரு வயலின் சங்கதியைச் செருகியிருந்தீர்கள்.

அண்ணாச்சி: அந்தப் பக்கத்தில் மூன்று நிமிடம் மிச்சமிருந்தது. அங்கே பற்றாக்குறை, இங்கே உபரி. ஒரு பக்கத்து நாடாவை வெட்டி மறுபக்கத்தில் ஒட்ட முடியாது. காலியாக விட்டால் ‘அண்ணாச்சி கூலி வாங்கிக்கொண்டு வெறும் இரைச்சலைப் பதிந்து கொடுத்தார்’ என்று பெயர் வரும். ஆகவே எனக்குப் பிடித்ததிலிருந்து ஒரு துண்டு போட்டேன்.

தம்பி: அதன் பெயரைக் கேட்டு நான் கடைக்கு வந்தது நினைவிருக்கிறதா? கேசட் அட்டையில் அந்த வரிசைக்கு நேரே ஒரு கோடு மட்டும்தான் இழுத்திருந்தீர்கள். ‘அண்ணாச்சி, இதன் பெயர் என்ன?’ என்றேன். ‘ஹவ் டு நேம் இட்’ என்றீர்கள். எப்படிப் பெயர் வைப்பது என்று நீங்கள் என்னிடமே திருப்பிக் கேட்பதாக நினைத்து, ‘பதிந்த உங்களுக்கே தெரியாவிட்டால் எனக்கு எப்படித் தெரியும்?’ என்றேன். ‘அதுதான் பெயர்’ என்றீர்கள். ‘எதுதான்?’ என்றேன். ‘ஹவ் டு நேம் இட்’ என்றீர்கள். கடையில் நின்ற நான்கு பேர் சிரித்தார்கள்.

அண்ணாச்சி: நான் என்ன செய்ய முடியும்? 1986-இல் இளையராஜா தம்முடைய ஆல்பத்துக்கு அந்தப் பெயரைத்தான் வைத்தார், அதுவும் கேள்விக்குறியோடு. தியாகராசருக்கும் பாக் என்ற ஜெர்மானிய இசையமைப்பாளருக்கும் காணிக்கையாக்கிய இசை அது. வயலின் வாசித்தவர் வி. எஸ். நரசிம்மன். ஊரில் அதை யாரும் காசு கொடுத்துப் பதியவில்லை. பாடுகிறவர் எப்போது வருவார் என்று கேட்டார்கள். ஆகவே யாருடைய கேசட்டில் மூன்று நிமிடம் மிஞ்சினாலும், சோற்றுக்குள் கீரையை ஒளித்து ஊட்டுவதைப் போல அதைப் போட்டு அனுப்பிவிடுவேன். திருட்டுப் பொருளைத் திருட்டுத்தனமாக இலவசமாகக் கொடுத்த ஒரே வியாபாரி நான்தான். பதிப்புரிமை என்ற சொல் அப்போது என் காதுக்கு எட்டவில்லை. எட்டியபோது கடையை ஜெராக்ஸ் கடையாக மாற்றிவிட்டேன்.

தம்பி: அதுவும் நகல்தானே?

அண்ணாச்சி: நகல்தான். ஆனால் தாள் பாதியில் தீராது.

தம்பி: மூன்று மாதம் அந்த வயலினைத் திட்டிக்கொண்டே கேட்டேன். எழுந்து போய் நிறுத்துவதற்குச் சோம்பல். மாசி மாதம் ஒரு நாள் மின்சாரம் தடைப்பட்டு, அது பாதியில் நின்றபோது, மின்சாரம் வரட்டும், மீதியைக் கேட்போம் என்று காத்திருந்தேன். காத்திருக்கிறோம் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இன்றைக்கும் அக்னி நட்சத்திரப் பாட்டு ஒன்று முடிந்தால் அடுத்து அந்த வயலின் வர வேண்டும் என்று காது போய் நிற்கிறது. போனில் கேட்டால் வேறு எதுவோ வருகிறது.

அண்ணாச்சி: போனில் கேட்கும்போது ‘காக்க காக்க’ வருகிறதா?

தம்பி: அதுதான் இல்லை. அந்த இடத்தில் நானே சொல்லிக்கொள்கிறேன். என் மகள் என்னைப் பெரிய பக்திமான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அண்ணாச்சி: சரி, ஒன்று கேட்கிறேன். சஷ்டியன்று ஆச்சி கவசம் கேட்பதற்காகக் கேசட்டைப் போட்டிருப்பார்களே? அன்றைக்கு என்ன நடந்தது? அடி விழுந்ததா?

தம்பி: விழும் என்றுதான் நானும் கதவோரமாக நின்றேன். ஆச்சி குத்துவிளக்கை ஏற்றி, கண்ணை மூடி உட்கார்ந்து, கேசட்டைப் போடச் சொன்னாள். போட்டேன். கண்ணைத் திறக்காமலே முதல் பக்கம் முழுவதையும் கேட்டாள். ராக்கம்மா வந்தாள், ஆச்சி அசையவில்லை. தேவாரம் தொடங்கியதும் கையெடுத்துக் கும்பிட்டாள். ‘வேண்’ என்று டேப் நின்றதும், ‘டுவதே இந்த மாநிலத்தே’ என்று தானே பாடி முடித்துவிட்டு, ‘எந்த மூதேவியடா பாதியில் நிறுத்தினவன்?’ என்று கேட்டாள்.

அண்ணாச்சி: நீங்கள் யாரைச் சொன்னீர்கள்?

தம்பி: உங்களைத்தான் சொன்னேன். கவசத்தை அழித்த பாவமும் உங்கள் கணக்கில்தான் இருக்கிறது. எதுவானாலும் இன்றைக்கே பேசித் தீர்த்துக்கொள்வோம். அதற்குப் பிறகு நான் எப்போது கேசட்டைப் போட்டாலும், டேப் நின்ற இடத்திலிருந்து அடுக்களையில் ஆச்சி பாடி முடிப்பாள். நான் எழுதிய கட்டுரை தப்பு என்பதைத் தமிழாசிரியருக்கு முன்பே தெரிந்துகொண்டிருப்பேன். ஆனால் சஷ்டிக்கு முந்தின வாரமே போட்டி முடிந்துவிட்டது. ஆச்சி போன பிறகு ‘வேண்’ என்ற இடத்தில் வீடு கம்மென்று இருந்தது. அதை மறைப்பதற்காகக் கைதட்டத் தொடங்கினேன். அது பழகிவிட்டது. இன்றைக்குக் கல்யாண வீட்டில் மானம் போனது.

அண்ணாச்சி: (சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு) தம்பி, அந்தக் கேசட்டுக்கு நான் வாங்கிய கூலி பாட்டுக்கு ஒரு ரூபாய். ராக்கம்மாவுக்கும் முழு ரூபாய்தான் வாங்கினேன். வழங்காத இரண்டு நிமிடத்துக்கு உங்கள் வங்கிக் கணக்கில் என்ன வட்டி ஆகும் என்று எனக்குத் தெரியாது. பணமாகத் தரவும் மாட்டேன். மீதியைப் பாடியே கடனை அடைத்துவிடுகிறேன். குரல் சுமாராக இருக்கும். உங்கள் டேப் ரிக்கார்டரை விட மோசமாக இருக்காது.

தம்பி: இங்கேயா? இப்போதா?

அண்ணாச்சி: எனக்கு 74 வயது. சி-60-இல் இரண்டாம் பக்கத்துக் கடைசி. பிறகு என்று சொல்லக் கூடாது.

(அண்ணாச்சி துண்டைத் தோளில் சரி செய்து, தொண்டையைக் கனைத்து, கண்ணை மூடிக்கொள்கிறார். தம்பியும் தம்மை அறியாமல் நிமிர்ந்து உட்காருகிறார். ‘டுவதே…’ என்று அண்ணாச்சி மெதுவாக எடுக்கிறார். எதிர்பார்த்ததை விடக் குரல் நன்றாகவே இருக்கிறது. ‘இந்த மாநி…’ என்ற இடத்தில் பெண் வீட்டார் ஒருவர் ஓடிவந்து, இரண்டாம் பந்தி போட்டாயிற்று, இரண்டே இலைதான் மிச்சம், உடனே வர வேண்டும் என்று அண்ணாச்சியின் கையைப் பிடித்து எழுப்புகிறார். அண்ணாச்சி எழுந்துவிடுகிறார்.)

தம்பி: அண்ணாச்சி! ‘லத்தே’?

அண்ணாச்சி: (நடந்துகொண்டே) பக்கம் முடிந்துவிட்டது, தம்பி. சாப்பிட்டு வந்து திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்.