பாப்பா படிக்கத்தான் மச்சான்

(திருவொற்றியூர் தேரடி பக்கம் ஒரு டீக்கடை. குமார் ஹார்பர்ல கண்டெய்னர் டிரெய்லர் ஓட்றவரு. சதீஷ் அவரு பொண்டாட்டியோட தம்பி, கம்ப்யூட்டர், சிசிடிவி சர்வீஸ் வேலை.)

குமார்: மச்சான், ஒரு கம்ப்யூட்டர் வாங்கலாம்னு இருக்கேன்டா. பாப்பா ஒம்போதாவது வந்துட்டா இல்ல, படிப்புக்கு தேவப்படுது. உங்க அக்காகிட்ட போய் ஒப்பிச்சிடாத.

சதீஷ்: படிப்புக்குன்னா அக்காகிட்ட எதுக்கு மாமா மறைக்கணும்?

குமார்: மறைக்கலடா, படிப்புக்குன்னு சொல்லிட்டேன். படிப்புக்கு எவ்ளோ ஆவுதுன்றத மட்டும் சொல்லல.

சதீஷ்: எவ்ளோ வச்சிருக்க?

குமார்: சீட்டு எடுத்தேன். எழுவது.

சதீஷ்: எழுவதாயிரமா! பாப்பா இன்னா ராக்கெட்டா விடப்போறா? படிக்க மட்டும்னா ப்ராசஸர், அதான் கம்ப்யூட்டர் மூளை, ரைசன் 5 5600ஜி ஒண்ணு போட்டா சோக்கா போவும் மாமா, கடைசில ஜி போட்டிருந்தா டிஸ்ப்ளே அதுக்குள்ளயே வந்துரும், கிராஃபிக்ஸ் கார்டே வேணாம், நல்ல துட்டு மிச்சம் ஆவும், அத்த அக்கா கைல குடுத்தா உனக்கு ஒரு மாசத்துக்கு மீன் கொழம்புதான்.

குமார்: (டீயை ஊதிக்கினே) மிச்சம்லாம் பண்ணக்கூடாதுடா. மேத்ஸ் ஹெவியா இருக்கு.

சதீஷ்: மேத்ஸு.

குமார்: சைன் தீட்டா காஸ் தீட்டான்னு இன்னான்னமோ வருதாம்.

சதீஷ்: மாமா, இன்னா கேம் ஆடணும்?

குமார்: ...லாரி ஓட்றதுடா.

சதீஷ்: யோவ் மாமா! பகல் பூரா எண்ணூர் ரோட்ல டிரெய்லர் ஓட்டிட்டு ராத்திரி வீட்டுக்கு வந்து மறுபடியும் லாரியா?

குமார்: அதுல ரோடு காலியா கீதுடா! இங்க கேட்டுக்கு வெளிய கியூல நின்னா காலைல குடிச்ச டீ சாயங்காலம் வரைக்கும் அதே எடத்துலதான், அதுல பாத்தா மல, ஆறு, பனி, எவனும் குறுக்க வரமாட்டான், நானே ஒரு தபா யார்டு பையன் லேப்டாப்ல பாத்துட்டு மெர்சலாயிட்டேன்.

சதீஷ்: சரி, ஆசப்பட்டுட்ட. கடை எங்கயாவது பாத்தியா?

குமார்: கடை எதுக்கு? யார்டுல ஒருத்தன் ஐ7 வச்சிருக்கான், பதினஞ்சாயிரத்துக்கு தள்றேன்றான். ஐ7டா! ஸ்டிக்கர் கூட ஒட்டிருக்கு.

சதீஷ்: ஐ7க்கு பின்னாடி வர நம்பரு இன்னா?

குமார்: 2600ன்னான். பெரிய நம்பரா இருக்கே.

சதீஷ்: அது 2011ல வந்தது மாமா, நம்ம பாப்பா வயசு. அதுல விண்டோஸ் 11 முறையா ஏறாது, விண்டோஸ் 10க்கு அப்டேட் குடுக்கறத 2025 அக்டோபர்லயே நிறுத்திட்டானுங்க. அவன் ஸ்டிக்கரத்தான் விக்கிறான், வுட்ரு.

குமார்: அப்போ நீயே ஒரு லிஸ்டு சொல்லு. கண்ணாடி டப்பா, உள்ள கலர் கலரா லைட்டு, அது மொதல்ல எழுது.

சதீஷ்: அது கடைசில, துட்டு மிஞ்சுனா. மொதல்ல கிராஃபிக்ஸ் கார்டு. உன் எழுவதுல மூணுல ஒரு பங்கு அங்கதான் போவும், வருத்தப்படாத, கேம் ஓட்றதே அதான். ஆர்எக்ஸ் 6600 மாதிரி ஒண்ணு, 8 ஜிபி. சாதா ஃபுல் ஹெச்டி மானிட்டருக்கு அதுவே தாராளம்.

குமார்: உங்க அக்கா அது எதுக்குன்னு கேட்டா?

சதீஷ்: நீ இன்னா சொல்லுவ?

குமார்: சயின்ஸ் படம்லாம் கிளியரா தெரியும்னு.

சதீஷ்: தவள வயித்த அறுக்கற படத்துக்கு 8 ஜிபி. சரி போ. அடுத்து ப்ராசஸர் ரைசன் 5 5600, ஜி இல்லாதது, 6 கோர், கூலர் டப்பாவுலயே வரும் தனியா வாங்க வேணாம். ஆனா ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க, ஜி இல்லன்னா அதுக்குள்ள டிஸ்ப்ளே இல்ல, மானிட்டருக்கு போற ஹெச்டிஎம்ஐ ஒயர பின்னாடி கார்டுலதான் சொருகணும், மதர்போர்டுல சொருகிட்டு ராத்திரி பதினோரு மணிக்கு படம் வரல படம் வரலன்னு எனக்கு போன் பண்ணாத, ஊர்ல பாதி பேரு அதுக்குத்தான் என்ன கூப்டறான்.

குமார்: மதர்போர்டு?

சதீஷ்: எல்லா பார்ட்டையும் சொருகற போர்டு அதான். பி450, இல்ல பி550. பழைய ஸ்டாக்கா இருந்தா பயாஸ், அதான் போர்டுக்குள்ள இருக்கற சாஃப்ட்வேர், அப்டேட் பண்ணிருக்கான்னு கடைலயே கேட்ரணும், இல்லன்னா 5600ஐ சொருகுனா போர்டு முழிச்சிக்கினு நிக்கும். ரேம் டிடிஆர்4 ரகம்தான், டிடிஆர்5 இந்த போர்டுல நுழையவே நுழையாது, எவனாச்சும் புது ரேம்ன்னு தலைல கட்டப் பாத்தா உஷாரு.

குமார்: ரேம் எத்தினி? 64 போட்ரு.

சதீஷ்: 64ஆ? ரேம்தான் மாமா இப்ப வயித்தெரிச்சலே. 2025 கடைசிலேர்ந்து கண்டபடி ஏறிடுச்சு, ஏஐ கம்பெனிங்க டேட்டா சென்டருக்குன்னு மெமரி சிப்ப பூரா அள்ளிக்கினு போறானுங்க.

குமார்: தேரடில சீட்டு எடுத்து ஒரு மனுசன் லாரி ஓட்டலாம்னு பாத்தா அதுக்கும் அமெரிக்காக்காரன் போட்டியா?

சதீஷ்: 16 போதும். அதையும் ஒரே ஸ்டிக்கா வாங்காத, 8ம் 8ம் ரெண்டு, ரெண்டு சேனல்ல ஓடுனாதான் கேம் திணறாது. நாலு ஸ்லாட் இருக்கற போர்டுனா பெரும்பாலும் ரெண்டாவதுலயும் நாலாவதுலயும் சொருகணும்.

குமார்: சரி சரி. இந்த உள்ள கரண்ட் குடுக்கற எஸ்எம்பிஎஸ்ஸுன்றது கேபினட்டோடயே ஃப்ரீயா வருதாமே, அங்க ஒரு ரெண்டாயிரம் மூவாயிரம் மிச்சம், அதுல லைட்டு...

சதீஷ்: மாமா, நாப்பது அடி கண்டெய்னர ஏத்திட்டு யாரோ ஃப்ரீயா குடுத்த பிரேக்க நம்பி ஓட்டுவியா?

குமார்: சாவடிச்சிடுவேன்.

சதீஷ்: அதேதான் இதுவும். கேபினட்டோட வர்ற எஸ்எம்பிஎஸ்ல 450 வாட்னு எழுதிருப்பான், எழுத்துக்கு காசா பணமா, லோடு குடுத்தா புஸ்ஸுன்னு போவும், போறப்ப கார்டையும் போர்டையும் கூட கூட்டிக்கினு போவும். உன் கார்டு 132 வாட்டு, ப்ராசஸர் 65, எல்லாம் சேத்தாலும் தெரிஞ்ச கம்பெனி 550 வாட்டு, 80 பிளஸ் பிரான்ஸ்னு, அதான் கரண்ட்ட ரொம்ப வீணாக்காதுன்னு குடுக்கற முத்திர, போட்டது ஒண்ணு எடுத்தா உனக்கு ராத்திரி தூக்கம் வரும்.

குமார்: தூங்கறதுக்கா வாங்கறேன். சரி எழுதிக்கோ. அப்பாலிக்கா கண்ணாடி டப்பா.

சதீஷ்: முன்னாடி கண்ணாடி வச்சா காத்து எங்கேர்ந்து போவும்? மே மாசம் உன் வீட்ல ஃபேன் போட்டாலே அனல் அடிக்குது. முன்னாடி ஜல்லட மாதிரி மெஷ் வச்சது, தூசி ஃபில்டர் கழட்டி கழுவற மாதிரி பாத்து எடுக்கணும், நம்ம ஏரியாவுல லாரி தூசிய கழுவாம வுட்டா ரெண்டே மாசத்துல உள்ள போர்வ போத்திக்கும். ஜன்னலாண்டயும் வைக்காத, கடல் காத்து பட்டா துருதான்.

குமார்: ஒரு லைட்டு கூடவா இல்ல?

சதீஷ்: இருக்கு மாமா, நிறைய போர்டுல ஓரமா ஃப்ரீயாவே நாலு சின்ன லைட்டு வரும். சிபியு, டிராம், விஜிஏ, பூட்.

குமார்: அட, அது எப்ப எரியும்?

சதீஷ்: எதுனா புட்டுக்கிச்சுன்னா எரியும்.

குமார்: ...கலாய்க்காதடா. சரி, எல்லாம் சேந்து எழுவதுக்குள்ள வந்துருச்சா?

சதீஷ்: கேம், ஃபைலுலாம் வைக்கற எஸ்எஸ்டி 500 ஜிபி சேத்து வந்துரும், இழுத்துப் புடிச்சு. மானிட்டர் இன்னும் சேக்கல.

குமார்: மானிட்டர் எதுக்கு, ஹால்ல டிவி இல்ல? 32 இஞ்ச்!

சதீஷ்: டிவில ஆடலாம், எழுத்து கொஞ்சம் மங்கலா தெரியும், ஸ்டீரிங் திருப்புனா கொஞ்சம் லேட்டா திரும்பும், கேம் மோடுன்னு செட்டிங்ல இருந்தா போட்டுக்கலாம். அதெல்லாம் பிரச்சன இல்ல. ராத்திரி ஏழுலேர்ந்து பத்து வரைக்கும் அக்கா சீரியல் பாக்குமே, அப்போ ரிமோட்ட நீ கேப்பியா?

குமார்: (யோசித்து) மானிட்டர் எழுது. சேத்து எழுது. யுபிஎஸ் கூட போட்ரு, கரண்ட் போவுது.

சதீஷ்: 600 விஏன்னு போட்டிருந்தா 360 வாட்டுதான் வழக்கமா வரும், சேவ் பண்ணிட்டு ஆஃப் பண்ற வரைக்கும் தாங்கும். ஸ்டீரிங் செட்ட மட்டும் இப்ப கேக்காத, நல்லதுன்னா கிராஃபிக்ஸ் கார்டு ரேட்டுக்கு வரும். அம்பு குறிய அமுக்கி ஓட்டு.

குமார்: பதினேழு வருசம் ஹெவி லைசன்ஸ் வச்சிருக்கறவன் அம்பு குறிய அமுக்கறதா...

சதீஷ்: சனிக்கிழம லீவு போடு, மெட்ரோவுல ஏறுனா நேரா கவர்மெண்ட் எஸ்டேட், அங்கேர்ந்து பொடிநடையா ரிச்சி ஸ்ட்ரீட். நாலு கடை ரேட்டு கேட்டுட்டு வாங்கலாம், மொத கடைலயே தலைய ஆட்டிடாத. பில்லுல ஒவ்வொரு பார்ட்டுக்கும் சீரியல் நம்பர் எழுத வைக்கணும், கார்டுக்கு வாரண்டி கேக்கப் போனா அதான் கேப்பான். பில்லு யார் நம்பர்ல போடலாம்?

குமார்: எந்தக் கடைக்குப் போனாலும் உங்க அக்கா நம்பர்தான் குடுக்கறது, பழகிப்போச்சு.

சதீஷ்: அப்போ பில்லு அக்கா வாட்ஸ்அப்புக்கு போவும். கிராஃபிக்ஸ் கார்டு ரேட்டு தனி லைன்ல.

குமார்: ஏய்! பில்லே வேணாம், கேஷ் குடுத்துரலாம்.

சதீஷ்: பில்லு இல்லன்னா வாரண்டி இல்ல மாமா. கார்டு போச்சுன்னா போனதுதான்.

குமார்: பில்லு இருந்தா நான் போனதுதான்டா! உன் நம்பர் போட்ரு.

சதீஷ்: என் போன்தான் தினமும் ராத்திரி அக்கா கைல இருக்கு, அம்மாகிட்ட வீடியோ கால் பேசறேன்னு.

குமார்: உங்க அக்காவுக்கு சொந்தமா போன் இல்லையா?

சதீஷ்: அதுல பாப்பா படிக்கிது மாமா.