ஒரு மணி நேரத்துக்கு நான் எங்கே போவேன்?

மன அமைதிக்கு விடியற்காலையில் ஒரு மணி நேரம் தனியாக ஜெபிக்கச் சொல்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. நல்ல யோசனைதான். ஆனால் ஆறரைக்குக் கடலூரில் பஸ் ஏறிப் புதுச்சேரிக்கு வேலைக்குப் போகிற எனக்கு அது நடக்கிற காரியமில்லை. கன்னியக்கோவில் தாண்டுவதற்குள் கம்பியைப் பிடித்துக்கொண்டே என் ஜெபம் முடிந்துவிடும். சில நாள் மாலையில், புதுச்சேரி ரயில் நிலையம் பக்கத்துத் திரு இருதய ஆண்டவர் பசிலிக்கா தேவாலயத்தில் பத்து நிமிடம். அவ்வளவுதான்.

விசுவாசம் இருந்தால் கவலையே வராது என்று அந்தக் கட்டுரை சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பைபிளில் பிலிப்பியருக்கான கடிதத்தின் 4-ஆம் அதிகாரத்தில் கவலைப்பட வேண்டாம் என்று எழுதிய பவுல், அப்போது சிறையில் இருந்தார். 2011 டிசம்பர் 30 விடிகாலையில் தானே புயல் எங்கள் வீட்டு ஓட்டைப் பெயர்த்துப் போட்டது. ஜெபமாலை எந்த ஈரத்துணிக்கு அடியில் கிடந்ததோ, அம்மா வெறும் வாயால் 'அருள் நிறைந்த மரியே' சொல்லிக்கொண்டே நனைந்த அரிசியை முறத்தில் பரப்பினார். எண்ணிக்கை தப்பியிருக்கும். அழவும் செய்தார்.

பைபிளின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் 'சமாதானம்' என்று இருப்பது 1995 திருவிவிலியத்தில் 'அமைதி' ஆகிவிட்டது. எனக்கென்னவோ பழைய சொல்தான் பிடிக்கும். சண்டை நடந்த இடத்தில்தானே சமாதானத்துக்கு வேலை? மாமியாரோடு இரண்டு வாரம் பேசாமல் இருந்தேன், எந்த ஜெபமும் மனதில் ஒட்டவில்லை. அப்புறம் ஒருநாள் நானே போய்க் காபி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை தூக்கல் என்றார். சரி, பேசிவிட்டாரே! அன்றைக்குப் பஸ்ஸில் நின்றபடியே தூங்கினேன்.