ஓணான் மட்டும் போதுமா?

'பேட் லெஃப்டினன்ட்: போர்ட் ஆஃப் கால் நியூ ஆர்லியன்ஸ்' (2009) படத்தை இங்கே அவ்வப்போது யாராவது சிலாகித்து எழுதுகிறார்கள். வெர்னர் ஹெர்ஸாக் இயக்கம், போதைக்கு அடிமையான ஊழல் போலீசாக நிகோலஸ் கேஜ். பார்த்துவிட்டேன். எனக்கு ஒட்டவே இல்லை.

தொடக்கம் பிரமாதம்தான். 2005, அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்த கத்ரீனா புயல். லாக்கப்புக்குள் வெள்ளம் ஏற ஏற ஒரு கைதி கதறுகிறான். மேலே நிற்கும் இரண்டு போலீஸ்காரர்கள், ஆள் எப்போது முங்குவான் என்று பந்தயம் பேசுகிறார்கள். கடைசியில் அவர்களில் ஒருவரான கேஜ் குதித்துக் காப்பாற்றுகிறார், முதுகு போய்விடுகிறது. வலிக்கு டாக்டர் எழுதித் தந்த மாத்திரை, அப்புறம் கொக்கைன், அப்புறம் பறிமுதல் செய்த சரக்கிலேயே கைவைப்பது. நல்லது செய்யப்போய்க் கெட்டவன் கதை.

அதோடு சரி. செனகலிலிருந்து வந்த ஒரு குடும்பத்தில் ஐந்து பேர் கொல்லப்பட்ட வழக்கு, படத்துக்கு ஞாபகம் வரும்போது மட்டும் வருகிறது. மற்ற நேரமெல்லாம் கேஜின் சேட்டை. அவர் கண்ணுக்கு மட்டும் தெரியும் ஓணான்களைக் கேமரா உரசிக்கொண்டு எடுத்திருக்கிறார்கள். அது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு பாட்டியின் ஆக்சிஜன் குழாயைப் பிடுங்கி மிரட்டுவதற்கும் நாம் சிரிக்க வேண்டுமாம்.

நிஜ நியூ ஆர்லியன்ஸில் என்ன நடந்தது? புயல் அடித்து ஒரு வாரத்துக்குள், டான்சிகர் பாலத்தில் நிராயுதபாணிகளைப் போலீஸ் சுட்டது. இரண்டு பேர் செத்தார்கள், நான்கு பேர் காயம். அதை மறைக்கப் போலீசே பொய்க் கதை ஜோடித்தது. வழக்கு இழுத்து இழுத்து, 2016இல்தான் ஐந்து முன்னாள் போலீஸ்காரர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் எடுத்த படத்தில், கேஜ் ஒரு தாதாவைப் போதைக் குழாயில் புகைக்க வைத்து, அந்தக் குழாயைக் கொலை நடந்த இடத்தில் போட்டு ஆதாரம் 'கண்டுபிடிக்கிறார்'. அவருடைய பந்தயக் கடன், அவர் மேலிருந்த புகார் எல்லாம் ஒரே காட்சியில் ஒவ்வொன்றாகத் தீர்கிறது. கேப்டன் பதவியும் கிடைக்கிறது. வேண்டுமென்றே செய்த கிண்டல் என்பார்கள். சரி, யாரைக் கிண்டல் செய்கிறார்கள்? செத்த அந்தக் குடும்பத்தைப் படமே மறந்துவிட்டதே. கேஜின் சக போலீசாக வரும் வால் கில்மரையும் சேர்த்து.

1992இல் ஏபெல் ஃபெராரா எடுத்த 'பேட் லெஃப்டினன்ட்' வேறு ரகம். அதில் ஊழல் போலீசாக வரும் ஹார்வி கெய்டெலின் பாத்திரத்துக்குப் பெயர்கூடக் கிடையாது. பார்க்கச் சகிக்காத மனிதன்; ஆனால் தேவாலயத்தில் அவன் ஊளையிட்டு அழும்போது சிரிப்பு வராது. பார்க்காதவர்கள் அதைப் பாருங்கள். பிள்ளைகள் தூங்கிய பிறகு மட்டும்.