பல்ப்பின் அந்த 17 வருடங்கள்

பல்ப் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழு 1995-இல் ‘காமன் பீப்பிள்’ என்ற ஒரே பாட்டால் உச்சிக்குப் போய்விட்டது என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முந்தைய 17 வருடங்களை இப்படித் தாண்டிப் போகலாமா? ஷெஃபீல்டில் பள்ளி மாணவனாக இருந்த ஜார்விஸ் காக்கர் 1978-இல் தொடங்கிய குழு அது. 1981-இல் பிபிசி வானொலியில் புதிய குழுக்களை அறிமுகப்படுத்திய ஜான் பீலின் நிகழ்ச்சி, 1983-இல் முதல் ஆல்பம். வாங்கத்தான் ஆளில்லை. 1985-இல் ஒரு பெண்ணை அசத்துவதற்காக ஜன்னலுக்கு வெளியே தொங்கப் போய், கீழே விழுந்து எலும்பை முறித்துக்கொண்டார் காக்கர். அப்போதும் விடவில்லை, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே மேடையில் பாடினார். எனக்கு அவர் மேல் மரியாதை வந்ததே அந்தப் பிடிவாதத்தால்தான்.

1995-இல் இங்கிலாந்தின் பெரிய இசை விழாவான கிளாஸ்டன்பரியில்கூட பல்ப் முதல் தேர்வு இல்லை. ஸ்டோன் ரோசஸ் குழுவின் ஜான் ஸ்கொயர் சைக்கிளிலிருந்து விழுந்து அடிபட்டதால், கடைசி நேரத்தில் பல்ப்பைக் கூப்பிட்டார்கள். அந்தப் பாட்டு இடம்பெற்ற ‘டிஃபரென்ட் கிளாஸ்’ ஆல்பமே அப்போது வெளிவரவில்லை. ‘காமன் பீப்பிள்’ பாட்டைக் கூட்டமே சேர்ந்து பாடும் அந்தப் பதிவு இன்றும் சிலிர்க்க வைக்கிறது.

அப்புறம், பல்ப்பில் பேஸ் கிதார் வாசித்த ஸ்டீவ் மேக்கி 2023-இல் காலமானதை ஒரு வரியாவது சொல்லியிருக்க வேண்டும். 24 வருட இடைவெளிக்குப் பின் 2025-இல் வந்து பிரிட்டனில் முதலிடம் பிடித்த ‘மோர்’ ஆல்பத்தை அவருக்குத்தான் சமர்ப்பித்திருக்கிறார்கள்.