குளவிக்கொட்டு: தோல் தடிக்காவிட்டால் ஒவ்வாமை இல்லையா?

“குளவி கொட்டிய இடத்தில் சுண்ணாம்பு பூசி, ஒரு பிரிட்டோன் (ஒவ்வாமைக்கான) மாத்திரை விழுங்கினால் போதும், உடம்பு தடிக்காவிட்டால் ஒவ்வாமை இல்லை” என்று இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் வட்ஸ்அப் வழியாகப் பரவும் செய்தி தவறானது.

கொட்டிய இடத்தில் வலியும் வீக்கமும் ஏற்படுவது இயல்பே. ஆனால் கொட்டாத இடங்களிலும் அரிப்பும் தடிப்பும் பரவுதல், உதடு அல்லது நாக்கு வீங்குதல், குரல் கம்முதல், மூச்சிரைத்தல், வாந்தி, தலைசுற்றி மயங்குதல் ஆகியவை கடுமையான ஒவ்வாமையின் அறிகுறிகள். பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே தோன்றும் இவை, சிலருக்குத் தோலில் எந்த மாற்றமும் இல்லாமல், இரத்த அழுத்தம் சரிந்து மயக்கமாகவே தொடங்கிவிடக்கூடும் என்பதால், தடிப்பு தெரியும்வரை காத்திருப்பது உயிருக்கே ஆபத்தாகும். கொழுந்து மலையில் மயங்கி விழுபவரை வெயில் களைப்பு என்று எண்ணிவிடுவதும் உண்டு.

பிரிட்டோன் அரிப்பைத் தணிக்கும். அடைபடும் மூச்சுக்குழாயையோ சரியும் இரத்த அழுத்தத்தையோ மீட்காது. அதற்குரிய முதல் மருந்து, தொடைத் தசையில் ஏற்றப்படும் அட்ரினலின் ஊசியே. சுண்ணாம்பு இதில் எதையும் செய்வதில்லை.

மயங்குபவரை நடக்க வைக்காமல் படுக்கவைத்துக் கால்களை உயர்த்த வேண்டும். மூச்சுத் திணறுபவரை மட்டும் உட்கார விடலாம். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். முன்பு கொட்டியபோது ஒன்றும் ஆகாதவருக்கும் இம்முறை ஒவ்வாமை ஏற்படலாம். பல குளவிகள் ஒருசேரக் கொட்டியிருந்தால், ஒவ்வாமையே இல்லாவிட்டாலும், நஞ்சின் அளவு சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடுமாதலால் வைத்தியசாலைக்குச் செல்வது அவசியம்.