சுண்டைக்காய் டர்போ

(டர்பன், சாட்ஸ்வொர்த். உதிரிபாகக் கடை. கவுண்டருக்கு உள்ளே கோகிலா அத்தை, வெளியே லோகன். அவன் கையில் மாரியம்மன் கூழ் நோட்டீஸ். பின்பக்கம் முழுக்கக் கணக்கு.)

லோகன்: அத்தை, என் ஃபோக்ஸ்வாகன் சிட்டி கோல்ஃப் கார்ல டர்போ எஞ்சின் ஏத்த பட்ஜெட் போட்டாச்சு. மொத்தம் 30,000 ராண்ட். டர்போ எஞ்சின் 18,000, ஏத்திக் குடுக்கக் கூலி 8,000.

அத்தை: மிச்சம் 4,000?

லோகன்: ஸ்பீக்கர்.

அத்தை: நல்லது. வண்டி நடுவழியில நின்னா பாட்டுக் கேட்டுக்கிட்டு உக்காரலாம். காசு ஏது?

லோகன்: 20,000 என் சேமிப்பு. 10,000 அம்மா கூரை மாத்தக் குடுத்தது. மழைக்குத்தான் இன்னும் நாள் இருக்கே.

அத்தை: உங்கம்மாவுக்குத் தெரியுமா?

லோகன்: எஞ்சினைப் பத்திப் பேசுவோம் அத்தை. 1.8 டி, 20 வால்வு, 110 கிலோவாட்!

அத்தை: எந்த வண்டியில இருந்து கழட்டினது?

லோகன்: ஆடி ஏ4.

அத்தை: ஆடியில எதையும் வாங்காதேன்னு பெரியவங்க சொன்னது இதுக்குத்தான். அதுல எஞ்சின் நெடுக்குவாட்டுல நிக்கும். உன் சிட்டி கோல்ஃப்ல குறுக்குவாட்டுல. அடியில ஆயில் தங்குற சம்ப், எஞ்சினைத் தாங்குற மவுண்ட், காத்து உள்ள போற இன்டேக் மேனிஃபோல்டு எல்லாம் மாத்தி வாங்கணும். கோல்ஃப் 4ல இருந்து கழட்டினது கிடைக்குமான்னு கேளு. பாக்கப் போனா டர்போ ஷாஃப்டைக் கையால ஆட்டிப் பாரு. பக்கவாட்டுல கொஞ்சம் ஆடினாப் பரவாயில்லை. முன்னும் பின்னும் ஆடினா அப்படியே திரும்பி வந்துடு.

லோகன்: வாங்கினதும் நேரா ஏத்திடலாம்ல?

அத்தை: ஏத்துறதுக்கு முன்னாடி சம்பைக் கழட்டு. பழைய 1.8 டியில ஆயில் தார் மாதிரி உறைஞ்சு உறிஞ்சு குழாயோட சல்லடையை அடைச்சிருக்கும். ஆயில் பத்தலைன்னா முதல் பலி டர்போ. டைமிங் பெல்ட் புதுசு. வாட்டர் பம்ப்ல பிளாஸ்டிக் விசிறி இருந்தா தூக்கிப் போட்டு இரும்பு விசிறி வச்சதா வாங்கு. பெல்ட் அறுந்தா வால்வெல்லாம் வளைஞ்சிடும். 20 வால்வுன்னு பெருமையா சொன்னியே, அதை அப்ப எண்ணிக்கலாம். சீல், கேஸ்கெட் சேர்த்து 4,500 எழுது.

லோகன்: (எழுதுகிறான்) ஸ்பீக்கர் போச்சு.

அத்தை: கியர்பாக்ஸ்?

லோகன்: இருக்கே. இதே வண்டியோடது.

அத்தை: அது 020ங்கிற மாடல் பெட்டி. உள்ள டிஃபரன்ஷியல்ல பெரிய பல்சக்கரத்தைப் பிடிச்சிருக்கிறது ரிவெட். இந்த எஞ்சின் 210 நியூட்டன் மீட்டர் முறுக்கும். அந்த முறுக்குல ரிவெட் தலை அறுந்து, சுத்துற வேகத்துல கேஸிங்கைப் பொத்துக்கிட்டு வெளிய வரும். ரோட்டுல பல்லையும் ஆயிலையும் பொறுக்கணும்.

லோகன்: வேற பெட்டி?

அத்தை: 02ஏ மாடல் போட்டா கேபிள் கியர், ஹைட்ராலிக் கிளட்ச், சக்கரத்துக்குப் போற ஆக்சிலுக்கு 100 மில்லிமீட்டர் சிவி ஜாயின்ட்னு புது பட்ஜெட்டே திறக்கும். உனக்கு அது வேண்டாம். ரிவெட்டை டிரில் பண்ணி எடுத்துட்டு போல்ட் கிட் போடு, கிளட்ச் மாத்து, பூஸ்ட்டை, அதான் டர்போ காத்தைத் தள்ளுற அழுத்தத்தை, கூட்டாதே. 5,500.

லோகன்: பூஸ்ட்டைக் கூட்டாம எதுக்கு அத்தை டர்போ?

அத்தை: கியர்பாக்ஸ் வீட்டுக்கு வந்து சேர. பெட்ரோல் பக்கம் என்ன பண்ணப் போறே?

லோகன்: டேங்க் இருக்கு, பம்ப் இருக்கு...

அத்தை: உன்னோடது கார்புரேட்டர் வண்டி. அந்தப் பம்ப் ஊதுற காத்துக்கு அகல் விளக்குகூட அணையாது. இதுக்கு 3 பார் அழுத்தம் வேணும், டேங்குக்குத் திரும்புற குழாயும் வேணும். அதோட, உன் டேங்க் உள்ள தடுப்பு கிடையாது. கால் டேங்க்ல வளைவுல திருப்பினா பெட்ரோல் ஒரு ஓரமா ஒதுங்கும், பம்ப் காத்தை உறிஞ்சும். அந்த நேரம் பூஸ்ட்ல இருந்தா கலவைல பெட்ரோல் குறைஞ்சு, எஞ்சின் டொக் டொக்குனு தட்டி, பிஸ்டன்ல ஓட்டை விழும்.

லோகன்: எவ்வளவு பெருசு?

அத்தை: உன் 18,000 உள்ள போற அளவுக்கு. ரெண்டு லிட்டர் சர்ஜ் டேங்க் வை. சின்ன பம்ப் அதை எப்பவும் நிரப்பும், பெரிய பம்ப் அதுல இருந்து எஞ்சினுக்கு அனுப்பும். ஹோஸ் எல்லாம் ஃப்யூல் இன்ஜெக்ஷனுக்குன்னே செஞ்சதா இருக்கணும். தோட்டத்துப் பைப்பை வெட்டி மாட்டினே, தொலைச்சேன். 4,000.

லோகன்: இப்பவே 32,000 ஆச்சு அத்தை. கூலியே இன்னும் சேக்கலை.

அத்தை: அதான் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். டர்போ காத்தைக் குளிர வைக்கிற இன்டர்கூலரும் குழாயும் 4,000. டர்போல இருந்து புகை இறங்குற டவுன்பைப், 63 மில்லி எக்ஸாஸ்ட் 5,000. ரேடியேட்டர், ஃபேன் 3,000, அதுல பேரம் கிடையாது. வயரிங்?

லோகன்: எஞ்சினோட கம்ப்யூட்டர், அதான் ஈசியு, சும்மா தர்றான்.

அத்தை: சாவி தர்றானா?

லோகன்: எதுக்கு?

அத்தை: இம்மொபிலைசர். அதோட சாவி இல்லைன்னா திருட்டுன்னு நினைச்சு எஞ்சினை நிறுத்திடும். வண்டி ஸ்டார்ட் ஆகும், ரெண்டு செகண்ட்ல நிக்கும். மறுபடி ஸ்டார்ட், மறுபடி ரெண்டு செகண்ட்.

லோகன்: பெட்ரோல் மிச்சம்தானே.

அத்தை: அப்படியே ரெண்டு ரெண்டு செகண்டா ஜோஹானஸ்பர்க் போய்ச் சேரு. இம்மொபிலைசரை ஈசியுல அழிக்கணும், லூமை, அதான் வயர் கட்டை, முழுசா வாங்கணும். நடுவுல வெட்டினது வேண்டாம். இல்லைன்னா கோடெக், ஸ்பிட்ரோனிக்ஸ் மாதிரி நம்ம ஊர் ஈசியு போட்டு டைனோங்கிற பவர் அளக்குற மெஷின்ல டியூன் பண்ணணும். 6,000. பிரேக்?

லோகன்: நிக்குது அத்தை.

அத்தை: இப்ப ஓடுறதே இல்லையே, நிக்காம என்ன செய்யும்? 256 மில்லி டிஸ்க் போடு, 14 இன்ச் ரிம்முக்குள்ள அடங்கும். 280க்கு ஆசைப்பட்டா 15 இன்ச் வேணும். 4,500. கூட்டு.

லோகன்: (நோட்டீஸில் இடம் போதாமல் அம்மன் படத்தின் ஓரத்திலும் எழுதுகிறான்) கூலியோட... 62,500.

அத்தை: எதிர்பாராததுக்கு 20 சதவீதம், 12,500. ஆக 75,000. எஞ்சின் நம்பர் மாறினதைப் போலீஸ் கிளியரன்ஸ் வாங்கிப் பதிவுல ஏத்து, இன்சூரன்ஸ்காரனுக்கும் சொல்லு. சொல்லாம இடிச்சா அவன் காசு தரமாட்டான்.

லோகன்: (நீண்ட மௌனம்) டர்போல இன்னும் ஏதாவது கெட்டுப்போகுமா?

அத்தை: ஆயில் திரும்புற குழாய். உள்ள போறது அழுத்தத்துல போகும், திரும்பி வர்றது நுரையோட தானா வழிஞ்சு இறங்கணும். குழாய் அகலமா, எங்கயும் மடங்காம, கீழ்நோக்கியே இறங்கி, சம்ப்ல ஆயில் மட்டத்துக்கு மேல சேரணும். மடங்கினா ஆயில் டர்போலயே தேங்கி, சீலைத் தாண்டி எரியும். பின்னாடி வர்றவங்களுக்கு சாம்பிராணி போடுற மாதிரி நீலப் புகை. உள்ள போற பக்கம் ஆயில் குழாயை மாட்டுற பேஞ்சோ போல்ட்டுக்கு ரெண்டு செம்பு வாஷர். பழசைத் திரும்பப் போட்டா ஒழுகும். புதுசு ரெண்டும் 16 ராண்ட்.

லோகன்: 16 ராண்டா?

அத்தை: 16 ராண்ட்.

லோகன்: குடுங்க அத்தை. வேலையை ஆரம்பிச்சிடுவோம்.

அத்தை: (வாஷரைக் கவரில் போட்டு, பில் புத்தகத்தைத் திறந்து) என்னன்னு எழுத?

லோகன்: கூரை ரிப்பேர்னு எழுதுங்க.