'ஒய்' வரிசையில் ஒரு மாலை

மேற்கத்தியப் பாடல்களை ஆங்கிலத் தலைப்பின் முதல் எழுத்துப்படி அடுக்கி, உங்கள் தொகுப்பில் நீங்கள் அறிமுகப்படுத்தியிருப்பது முதலில் எனக்கு வேடிக்கையாகத்தான் பட்டது. எழுத்தைப் பார்த்தா பாட்டுக் கேட்பார்கள்? ஆனால் 'ஒய்' (Y) வரிசைக்கு வந்ததும் எழுந்திருக்க மனம் வரவில்லை. பீட்டில்ஸ் குழுவின் 'யெஸ்டர்டே' (1965), அதே குழுவின் 'எல்லோ சப்மரைன்' (1966), வில்லேஜ் பீப்பிள் குழுவின் 'ஒய்.எம்.சி.ஏ.' (1978), கோல்ட்பிளேயின் 'எல்லோ' (2000). ஒரே எழுத்துக்குள் சோகம், சிறுபிள்ளைக் கும்மாளம், டிஸ்கோ! அதிலும் 'யெஸ்டர்டே'க்கு மெட்டு பிறந்தபோது பால் மெக்கார்ட்னி ஒப்புக்கு வைத்திருந்த பெயர் 'ஸ்க்ராம்பிள்ட் எக்ஸ்', அதாவது முட்டைப் பொரியல். அது நிலைத்திருந்தால் 'எஸ்' வரிசையில் அல்லவா தேடியிருப்போம்!

ஒரு குறை. 'தி' (The) என்று தொடங்கும் தலைப்புகளை எல்லாம் 'டி'யில் கொட்டிவிட்டீர்கள். அந்தச் சொல்லை ஒதுக்கிவிட்டு, 'தி சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்' பாடலை 'எஸ்'ஸில் வைப்பதே ஆங்கில அகரவரிசை வழக்கம்.

இன்னொன்று: குவீன் குழுவின் 'பொஹீமியன் ராப்சடி' (1975) என்ற சொற்கள் அந்தப் பாட்டுக்குள் எங்குமே வருவதில்லை. திரைப்பாடல்களை முதல் அடியால் நினைவில் வைக்கும் நம்மவர்கள், 'இஸ் திஸ்...' (Is this) என்று தொடங்கும் அதை 'ஐ'யில் (I) தேடிக்கொண்டிருப்பார்கள். நானும் அப்படித்தான் தேடினேன்.